‘ஸ்பிரிங்’ என்று ஒரு சொல்: ஆங்கிலச் சொல்லின் வேர் தேடப் பழகுவோருக்கு

பல ஆண்டுகளுக்கு முன் கடலைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ‘ஸ்பிரிங் டைட்’ என்று வந்தது. ஸ்பிரிங் என்றால் வசந்தம், டைட் என்றால் ஓதம். யோசிக்காமல் ‘வசந்த கால ஓதம்’ என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். இரண்டு பத்தி தள்ளிப் பார்த்தால் அந்த ஓதம் மாதத்துக்கு இருமுறை வருகிறது என்றிருந்தது. வசந்தம் எப்படி மாதம் இருமுறை வரும்?

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிச் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்போது கடல்நீர் வழக்கத்தைவிட உயர எழும்பும். அதற்குத்தான் அந்தப் பெயர். பருவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்பிரிங் என்ற சொல்லுக்கு அடியில் கிடக்கும் பொருள் ‘துள்ளி எழு’. அது தெரிந்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது.

ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமான சொற்கள்தான் நம்மை அதிகம் படுத்தும். நீளமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். அகராதியைப் பார்த்தால் தீர்ந்தது. ‘ரன்’ என்ற சின்னச் சொல்லை எடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பிரித்தபோது, வினைச்சொல்லுக்கு மட்டுமே 645 பொருள் தேறியது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, செய்யவும் வேண்டாம். எவையெல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை, எவை தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து நிற்பவை என்று பிரிக்கத் தெரிந்தால் போதும், பாதிச் சுமை இறங்கிவிடும். அதை எப்படிச் செய்வது என்று ஸ்பிரிங்கை வைத்தே காட்டுகிறேன். லத்தீனோ கிரேக்கமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் தமிழில் கை பழகுங்கள்

‘திங்கள்’ என்றால் நிலா, மாதம், வாரத்தில் ஒரு நாள். மூன்றும் ஒரே சொல்தான். நிலா ஒரு சுற்று வளர்ந்து தேய்ந்தால் மாதம். நிலாவுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. பொருள் கிளைத்த வழி நம் கண்ணுக்கே தெரிகிறது.

இப்போது ‘ஆறு’ என்பதை எடுங்கள். நீர் ஓடும் ஆறும், ஐந்துக்கு அடுத்து வரும் ஆறும். எவ்வளவு யோசித்தாலும் இரண்டையும் இணைக்க முடியாது. பழந்தமிழில் நதியை ‘யாறு’ என்றும் எழுதினார்கள். எண்ணை அப்படி எழுதவில்லை. தெலுங்கில் நதி ‘ஏரு’, எண் ‘ஆரு’. ஆக இவை வெவ்வேறு இடத்தில் பிறந்து, தமிழில் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்த இரண்டு சொற்கள்.

இங்கே செய்தது இரண்டே வேலை. பழைய வடிவத்தைப் பார்த்தோம், உறவு மொழியில் கேட்டோம். ஆங்கிலத்திலும் செய்யப் போவது இவற்றைத்தான்.

படி 1: அகராதியைத் திறக்குமுன் ஒரு தாள் எடுங்கள்

உங்களுக்குத் தெரிந்த பயன்பாடுகளை எல்லாம் எழுதுங்கள். சொல்லைத் தனியாக எழுதக் கூடாது. அது வரும் தொடரோடு எழுத வேண்டும். ஸ்பிரிங்குக்கு நான் எழுதிய பட்டியல் இப்படி இருந்தது: குளிருக்குப் பின் வரும் பருவம், தரையிலிருந்து பொங்கும் ஊற்று, பேனாவுக்குள் இருக்கும் சுருள்வில், பூனை சட்டென்று பாய்வது, ‘ஹாட் ஸ்பிரிங்’ என்னும் வெந்நீர் ஊற்று, படகில் ஓட்டை விழுந்தால் சொல்லும் ‘ஸ்பிரிங் எ லீக்’, எதிர்பாராமல் ஒன்றைச் சொல்லித் திகைக்கவைக்கும் ‘ஸ்பிரிங் எ சர்ப்ரைஸ்’, பிள்ளைகளைக் குறிக்கும் ‘ஆஃப்ஸ்பிரிங்’.

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அகராதியை முதலில் திறந்தால் அதன் வரிசை உங்கள் மனத்தில் பதிந்துவிடும். சொந்தமாக ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

படி 2: எத்தனை தலைச்சொல் என்று எண்ணுங்கள்

நல்ல ஆங்கில அகராதியில் ஒரே எழுத்துள்ள சொல் சில நேரம் இரண்டு மூன்று தடவை தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றின் தோளிலும் சின்னதாக 1, 2, 3 என்று எண் இருக்கும். பிறப்பு வேறு என்பதற்கான அடையாளம் அது. ஒரே பதிவின் உள்ளே வரும் 1, 2, 3 அப்படியல்ல. அவை ஒரே சொல்லின் கிளைப்பொருள்கள். புதிதாக வருபவர்கள் இந்த இரண்டு வகை எண்களையும் குழப்பிக்கொள்வார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில அகராதிகள் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும்கூடத் தனித்தனியே பதிவு செய்யும். ஸ்பிரிங்குக்கும் அப்படிச் செய்வார்கள். இரண்டு பதிவு இருப்பதால் பிறப்பும் இரண்டு என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டின் பிறப்பு வரியையும் படித்துப் பாருங்கள்.

எந்த அகராதி என்பதும் முக்கியம். ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகள், இன்று அதிகம் வழங்கும் பொருளையே பொதுவாக முதலில் போடும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியும் மெரியம்-வெப்ஸ்டரும் பழைய பொருளில் தொடங்கும். வேர் தேடுகிறவருக்கு இரண்டாம் வகைதான் உதவும். அன்றாடப் படிப்புக்கு முதல் வகை.

படி 3: பிறப்பு வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பதிவின் தலையிலோ கடைசியிலோ சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அகராதியில் மிகப் பிடித்த இடமே அதுதான்.

அதில் வரும் சுருக்கங்கள் சிலவே. பழைய ஆங்கிலம் என்றால் ஏறக்குறைய 1100-க்கு முந்தைய ஆங்கிலம். இடைக்கால ஆங்கிலம் என்றால் அதற்குப்பின் சுமார் 1500 வரை. பழைய நார்ஸ் என்பது வைக்கிங்குகள் கொண்டுவந்த மொழி. பழைய பிரெஞ்சு, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் வெள்ளமாக உள்ளே வந்தது. ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அது எந்த ஏட்டிலும் கண்டெடுத்த சொல் அல்ல. உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த வடிவம்.

ஸ்பிரிங்கின் வரியில் பழைய ஆங்கிலத்தின் ‘ஸ்பிரிங்கன்’ என்ற வினை இருக்கும். துள்ளு, பீறிடு, பொங்கி எழு என்று பொருள். பெயர்ச்சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. ஆக ஒரே வேர்.

அகராதி இல்லாமலும் இதை ஓரளவு ஊகித்திருக்கலாம். ஸ்பிரிங், ஸ்பிரேங், ஸ்பிரங் என்று உள்ளே உயிரொலி மாறிக் காலம் காட்டுகிறது இல்லையா? சிங், சேங், சங். டிரிங்க், டிரேங்க், டிரங்க் எல்லாம் அதே வகை. இப்படி மாறும் வினைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொத்து. வெளியிலிருந்து வந்த வினைகள் ‘-எட்’ விகுதி போட்டுக்கொண்டு போய்விடும். விதிவிலக்கு உண்டு: ‘ஸ்டிரைவ், ஸ்டிரோவ்’ பிரெஞ்சிலிருந்து வந்தும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

படி 4: மரம் வரையுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தாளின் அடியில் ‘துள்ளி எழு’ என்று எழுதி, முதலில் போட்ட பட்டியலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக அதிலிருந்து கிளையாக இழுங்கள். இழுக்கும்போது ஒரே கேள்வி: எது துள்ளுகிறது?

ஊற்று எளிது. தரைக்குள்ளிருந்து நீர் துள்ளி வெளியே வருகிறது. பழைய ஆங்கிலக் காலத்திலேயே இந்தப் பொருள் உண்டு.

பருவம்தான் சுவையானது. இங்கிலாந்தில் அந்தப் பருவத்துக்குப் பழைய பெயர் ‘லென்க்டென்’. ‘லாங்’ என்ற சொல்லோடு அதை உறவுபடுத்துவார்கள். பகல் நீளும் காலம். அந்தச் சொல் மெல்ல மெல்ல ஈஸ்டருக்கு முந்தைய நோன்பை மட்டும் குறிக்கத் தொடங்கியது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘லெந்து நாட்கள்’ என்கிறார்களே, அதே சொல்தான். அப்போது பருவத்துக்குப் பெயர் இல்லாமல் போனது. 16-ஆம் நூற்றாண்டில் ‘ஸ்பிரிங் ஆஃப் தி லீஃப்’, அதாவது இலை துளிர்த்தெழும் காலம் என்ற தொடர் வழக்கத்தில் இருந்தது. பின்பகுதி உதிர்ந்து ‘ஸ்பிரிங்’ மட்டும் நின்றது. அதே நூற்றாண்டில் அதற்கு இணையாக ‘ஃபால் ஆஃப் தி லீஃப்’ என்றும் சொன்னார்கள். அமெரிக்கர்கள் இலையுதிர் காலத்தை இன்றும் ‘ஃபால்’ என்பதன் கதை இதுதான். ஒன்றில் இலை எழுகிறது, மற்றதில் விழுகிறது.

சுருள்வில்லுக்கு வருவோம். அழுத்தி விட்டால் துள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கிளைக்குள் ஒரு சிறுகிளை உண்டு. 1660-இல் ராபர்ட் பாயில் காற்றைப் பற்றித் தன் சோதனைகளை வெளியிட்டபோது, நூலின் தலைப்பிலேயே ‘ஸ்பிரிங் ஆஃப் தி ஏர்’ என்று எழுதினார். காற்றுக்குள் கம்பிச்சுருள் எதுவும் இல்லை. அழுத்தினால் சுருங்கி, விட்டால் மீண்டெழும் தன்மையைத்தான் அப்படிச் சொன்னார். அமுக்கிய கம்பளி உரோமத்தை அவரே உவமையாகக் காட்டுகிறார். அவரிடம் வேலை பார்த்த ராபர்ட் ஹூக், 1678-இல் தன் மீள்திறன் விதியை லத்தீனில் வெளியிட்டார்: நீட்சி எப்படியோ, விசை அப்படியே. அந்த நூலின் தலைப்பிலும் ‘ஆஃப் ஸ்பிரிங்’ உண்டு. பழைய அறிவியல் நூலில் இந்தச் சொல்லைப் பார்த்தால் ‘சுருள்வில்’ என்று எழுதாமல் ‘மீள்திறன்’ பொருந்துமா என்று யோசியுங்கள்.

கடிகாரத்தில் மற்ற எல்லாவற்றையும் ஓட்டும் பெரிய சுருள் ‘மெயின்ஸ்பிரிங்’. அதனால்தான் ஒரு செயலின் முதன்மைத் தூண்டுதலையும் அப்படியே சொல்கிறார்கள்.

ஆஃப்ஸ்பிரிங் என்பது ஒருவரிடமிருந்து துள்ளிப் பிறந்தது. படகு ஓட்டையாவதை ‘ஸ்பிரிங் எ லீக்’ என்பது பலகை பொருத்திலிருந்து துள்ளி விலகுவதால். பொறியின் விசையைத் தட்டிவிட்டால் அது துள்ளி மூடும். ‘ஸ்பிரிங் எ டிராப்’. அங்கிருந்து ஒரே எட்டில் ‘ஸ்பிரிங் எ சர்ப்ரைஸ்’ வந்துவிடும். ஸ்பிரிங் டைட் எங்கே உட்கார வேண்டும் என்று இப்போது நீங்களே சொல்வீர்கள்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிப் பாருங்கள். இளவேனில், ஊற்று, சுருள்வில், துள்ளல். தமிழ் ஒவ்வொன்றையும் வேறு கண்ணால் பார்த்திருக்கிறது. பருவத்தில் அது கண்டது இளம் வெயிலை. நீரில் கண்டது ஊறுவதை. கம்பியில் கண்டது வில்லை. ஆங்கிலம் நான்கிலும் ஒரே துள்ளலைக் கண்டது. ஸ்பிரிங் நமக்குக் கடினமாக இருப்பதற்குக் காரணம் இந்தப் பார்வை வேறுபாடுதான். சொல்லுக்குச் சொல் வைத்து மொழிபெயர்த்தால் நான்கில் மூன்று இடத்தில் தவறும்.

ஒரு வேளை எந்தக் கிளையிலும் உட்காராத பயன்பாடு ஒன்று வரலாம். அமெரிக்கப் பேச்சில் ‘ஸ்பிரிங் ஃபார்’ என்றால் ஒன்றுக்கான செலவை ஏற்றுக்கொள்வது. இழுத்துப் பிடித்துக் காரணம் சொல்லாதீர்கள். ஓரத்தில் தனியாக எழுதி, அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

படி 5: உறவுக்காரர்களிடம் கேளுங்கள்

ஜெர்மனில் ‘ஷ்ப்ரிங்கன்’ என்றால் இன்றும் குதிப்பதுதான். அதோடு ஒட்டிய ‘ஊர்ஷ்ப்ருங்’ என்றால் தோற்றம், மூலம். முதன்முதலில் துள்ளி எழுந்த இடம். தென்னாப்பிரிக்கப் புல்வெளியில் நின்ற இடத்திலேயே உயர உயரத் துள்ளும் மான் ‘ஸ்பிரிங்பாக்’. அந்தப் பெயர் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆனால் ஜெர்மனில் பருவத்தின் பெயர் வேறு, சுருள்வில்லின் பெயர் வேறு. ஆக, குதிப்பது என்பதுதான் பழைய பொதுச்சொத்து. பருவமும் சுருள்வில்லும் ஆங்கிலம் தன் வீட்டில் வளர்த்த கிளைகள்.

வேர் வேறாக இருக்கும் சொல்லில் இந்தச் சோதனை இன்னும் பளிச்சென்று தெரியும். ‘மேட்ச்’ எடுங்கள். ஜோடி, பொருத்தம், போட்டி எல்லாம் பழைய ஆங்கிலத்தில் துணை, இணை என்று பொருள்பட்ட ‘யெமெச்சா’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. போட்டி என்பதும் இணையான இருவர் மோதுவதுதானே. தீக்குச்சியான மேட்ச் அந்த வீட்டுப் பிள்ளை அல்ல. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் ‘மெஷ்’ என்றால் இன்றும் விளக்குத் திரி. ஆங்கிலத்தில் அது முதலில் திரியாக இருந்து, பிறகு துப்பாக்கிக்குத் தீ வைக்கும் கயிறாகி, அதனால்தான் அந்தத் துப்பாக்கி ‘மேட்ச்லாக்’ ஆகி, 1827-இல் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் குச்சியை விற்கத் தொடங்கியபின் அந்தக் குச்சிக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் இணை, மறுபக்கம் திரி. ஒரே தாளில் இரண்டு மரம் வரைய வேண்டும்.

‘பார்க்’கும் அப்படியே: நாய் குரைப்பது பழைய ஆங்கிலம், மரப்பட்டை பழைய நார்ஸ்.

ஸ்பிரிங் போல ஒரே வேருள்ள சொல்லுக்கும், மேட்ச் போல இரண்டு வேருள்ள சொல்லுக்கும் நடுவில் நிற்கிறது ‘பேங்க்’. ஆற்றங்கரை ஸ்காண்டிநேவிய வழியாக வந்தது. பணம் போடும் வங்கி இத்தாலியத்தின் ‘பாங்கா’விலிருந்து வந்தது, நாணயம் மாற்றுவோர் வைத்திருந்த பலகை அது. அகராதியில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. ஆனால் இத்தாலியம் அந்தச் சொல்லை ஜெர்மானிய மொழியிலிருந்துதான் வாங்கியிருந்தது. ‘பெஞ்ச்’ அதன் நெருங்கிய உறவு. இன்னும் பின்னால் போனால் கரையும் பலகையும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். கற்பவர் இரண்டு சொல்லாக வைத்துக்கொண்டால் போதும்.

படி 6: இனிக்கும் கதைகளை நம்பாதீர்கள்

‘நியூஸ்’ என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் ஆகியவற்றின் முதலெழுத்து என்று பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். உண்மை இல்லை. ‘நியூ’ என்பதன் பன்மைதான் நியூஸ், புதியவை. ‘புதினம்’ என்ற நம் சொல்லை நினைத்துப் பாருங்கள், அதே தடம். திசைகளின் கதையைச் சொன்னவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பொதுவிதி வைத்துக்கொள்ளுங்கள்: பழைய சொல் ஒன்றை முதலெழுத்துகளின் சேர்க்கை என்று யாராவது சொன்னால், அகராதியைப் பார்க்காமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் படைக்கும் பழக்கம் பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

படி 7: வேரிலிருந்து இன்றைக்குத் திரும்பி வாருங்கள்

வேர் தெரிந்த மகிழ்ச்சியில் பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள். ‘நைஸ்’ என்பதன் மூலம் லத்தீனில் ‘அறியாதவன்’. ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு ‘மூடத்தனமான’ என்று பொருள். அதற்காக இன்று உங்களை ‘நைஸ்’ என்று புகழ்பவர் திட்டுகிறார் என்று ஆகாது. சொல் எங்கே பிறந்தது என்பதை வேர் காட்டும். இன்று என்ன பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொற்கள்தான் காட்டும்.

ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் அதன் கூட்டாளிகளையும் எழுதி வையுங்கள். ஸ்பிரிங்குக்குப் பின் ‘ஃப்ரம்’ வந்தால் தோற்றம். ‘அப்’ வந்தால் திடீரென முளைப்பது. முன்னால் ‘ஹாட்’ வந்தால் ஊற்று. ‘இன் தி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் பருவம். ஓர் ஊரின் பெயரோ மக்களின் பெயரோ முன்னால் நின்றால் கவனம்: 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் அரசியல் கெடுபிடி தளர்ந்த ‘பிராக் ஸ்பிரிங்’ ஜனவரியில் தொடங்கி ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நுழையும்வரை நீடித்தது. அங்கே பருவம் உவமையாக நிற்கிறது. பனி உருகி ஒரு நாடு மூச்சுவிட்ட காலம். இந்த உவமை தமிழிலும் ஒட்டும் என்பதால் ‘பிராக் வசந்தம்’, ‘அரபு வசந்தம்’ என்று தயங்காமல் எழுதலாம். ஸ்பிரிங் டைட்டில் வசந்தம் ஒட்டாது.

ஒரு சொல்லை இப்படி முடிக்க எனக்கு ஒரு மாலை ஆகும். வாரத்துக்கு ஒன்று போதும். அடுத்த வாரத்துக்கு ‘டிராஃப்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள்: கட்டுரையின் முதல் வரைவு, வங்கியில் எடுக்கும் டிராஃப்ட், ஜன்னல் இடுக்கில் வரும் காற்று, படைக்கு ஆள் சேர்ப்பது. நான்குக்கும் அடியில் ‘இழு’ என்ற ஒரே வினை இருக்கிறது. எது எதை இழுக்கிறது என்று வரைந்து பாருங்கள். அது முடிந்தபின் ‘மின்ட்’. வாசனை இலைக்கும் நாணயச் சாலைக்கும் ஒரே பெயர். அதற்கு எத்தனை மரம் வரைய வேண்டும் என்பதை அகராதியின் தோள் எண்ணைப் பார்க்குமுன் நீங்களே ஊகித்து, தாளின் மூலையில் எழுதி வையுங்கள்.